முறைத் தண்ணீர்: நியாயமான அட்டவணைக்கு மாதிரியுருவைத் திருத்துதல்

சென்ற அத்தியாயத்தில் முதலாவது மாதிரியுருவை அமைத்தோம். வாய்க்காலில் கிடைக்கும் நேரத்தை வயல்களின் ஏக்கர் அளவுப்படி பிரித்தோம். கணினி ஒரு விடை தந்தது. அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசித்துப் பாருங்கள். வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவர் எழும்புவார். "தாளில எல்லாருக்கும் ஒரே மணித்தியாலம்தான் தம்பி. எனக்கு வந்து சேருறது தண்ணியில்லை, ஈரம்" என்பார். அவர் சொல்வதில் பிழை இல்லை. பிழை நம் மாதிரியுருவில்தான் இருக்கிறது, அதுவும் பலர் தேடாத இடத்தில்.

நியாயமான அட்டவணை என்றதும் குறிக்கோள் சார்பை மாற்றத்தான் முதலில் கை போகும். குறிக்கோள் சார்பு இரண்டாவது வேலை. எதை அளக்கிறோம், எத்தனை போகத்துக் கணக்கை நினைவில் வைத்திருக்கிறோம் என்ற இரண்டையும் சரிசெய்யாமல் சார்பை மட்டும் மெருகேற்றினால், பிழையான ஒன்றை மிகத் துல்லியமாகப் பங்கிட்டுக் கொடுத்தவர்களாவோம்.

வன்னியில் இந்தக் கணக்கு ஏன் எழுகிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மாரி மழையில் காலபோகம் பெரும்பாலும் தப்பிவிடும். சிறுபோகம் குளத்தை நம்பியது. கனகராயன் ஆறு நிரப்பும் இரணைமடுவின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. அண்மைய புனரமைப்பில் குளத்தின் கொள்ளளவு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. ஆனாலும் சிறுபோகத்துக்கு எல்லா வயலையும் விதைக்க முடிவதில்லை. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பரப்பையும் விதைப்புத் திகதியையும் தண்ணீர் நிறுத்தும் நாளையும் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்குச் சட்ட அடிப்படை 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம். கமக்காரர் அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் கீழும் கேள்விகள் இவையேதான்: யாருக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எப்போது முறை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் வாசலில் கிடைக்காது.

அளவை மாற்றுங்கள்

ஒரு கிளை வாய்க்காலை உதாரணமாக எடுப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 48 ஏக்கர், தலைப்பில் 16, நடுவில் 16, கடைசியில் 16. முறை ஏழு நாளுக்கு ஒருதரம் சுற்றுகிறது. கிழமைக்கு 168 மணித்தியாலம். ஏக்கர்ப்படி பிரித்தால் ஏக்கருக்கு 3.5 மணித்தியாலம். தாளில் துப்புரவான சமத்துவம்.

இப்போது வாய்க்கால் கரையில் இறங்குங்கள். நேரான, ஒரே அகலமான 100 அடித் துண்டொன்றைத் தெரிந்து இரு முனையிலும் தடி நடுங்கள். மேல் முனையில் ஒரு தேசிக்காயைப் போட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை செக்கன் என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். மூன்று நான்கு தரம் செய்து சராசரி எடுக்க வேண்டும். அகலம் 2 அடி, தண்ணீரின் ஆழம் முக்கால் அடி என்றால் குறுக்குப் பரப்பு 1.5 சதுர அடி. 120 செக்கன் எடுத்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.83 அடி. அடித்தண்ணீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.8ஆல் பெருக்க வேண்டும். புல் மண்டிய வாய்க்காலில் இன்னும் குறைத்துப் போடுங்கள். விடை செக்கனுக்கு ஏறத்தாழ 1 கன அடி, அதாவது ஒரு கியூசெக். மனதில் வைக்க வசதியான கணக்கு இது: ஒரு கியூசெக் ஒரு மணித்தியாலம் ஓடினால், ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கும்.

தலைப்பில் 1 கியூசெக் என்று வைப்போம். மண் வாய்க்காலில் ஊறிப் போவதும் கரை கசிவதும் போக நடுவில் 0.85, கடைசியில் 0.7. அதே 3.5 மணித்தியாலத்துக்குத் தலைப்புக்காரருக்கு 3.5 அங்குலம், நடுவில் ஏறத்தாழ 3, கடைசியில் 2.45. சமமாகப் பிரித்தது நேரத்தை. தண்ணீர் சமமாகப் போகவில்லை. கடைசி வயலுக்குத் தலைப்பைவிட 30 வீதம் குறைவு.

எனவே மாதிரியுருவில் பிரிக்கும் பொருளை மாற்றுங்கள். மணித்தியாலம் தீர்மான மாறியாகவே இருக்கட்டும். நியாயத்தை அளக்கும் கணியம் வேறு:

ஏக்கருக்குச் சேரும் நீர் = மணித்தியாலம் × வயல் வாயில் ஓட்டம் ÷ ஏக்கர்

இது மூவருக்கும் ஒன்றாக வரவேண்டும், மணித்தியாலங்களின் கூட்டு 168 ஆக வேண்டும் என்று தீர்த்தால் எல்லோருக்கும் 2.91 அங்குலம் வருகிறது. தலைப்பில் ஏக்கருக்கு 2.91 மணித்தியாலம், நடுவில் 3.43, கடைசியில் 4.16. மொத்தமாக வயலில் சேரும் தண்ணீர் முன்பைவிட 2 வீதம்தான் குறைகிறது. நியாயத்துக்கு நாம் கொடுக்கும் விலை இந்த 2 வீதம். அந்த எண்ணைக் கூட்டத்தில் சொல்லுங்கள். தலைப்புக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டியவர். என்ன விட்டுக்கொடுக்கிறார், அதனால் கடைசி வயலுக்கு எவ்வளவு கூடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981இல் கமக்காரர் குழுக்கள் அமைந்தபோது, தலைப்புக்காரர்கள் தாங்களாகவே வாய்க்காலைத் துப்புரவாக்கிக் கடைசி வயல்களுக்கு முறை விட்டதை ஆய்வாளர் நோர்மன் அப்ஹொஃப் பதிவு செய்திருக்கிறார். கேட்டுப் பார்க்காமல் மனிதரைச் சுயநலக்காரர் என்று மாதிரியுருவில் எழுதிவிடக் கூடாது.

இன்னொரு சிறு திருத்தம். வெறும் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அது நிரம்பிக் கீழே போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்த நேரம் யாருடைய கணக்கில் போவது? பஞ்சாபில் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் வாராபந்தி முறையில் இதற்கு வழி உண்டு: வாய்க்காலின் தன் துண்டை நிரப்பும் வயல்காரருக்கு அந்த நிமிடங்களைப் பொதுநேரத்திலிருந்து கொடுத்துவிடுகிறார்கள். மதகு பூட்டிய பின்னும் வாய்க்காலில் மிஞ்சி வடியும் தண்ணீர் கிடைப்பவருக்கு அதற்கேற்பக் கழிக்கிறார்கள். நம் மாதிரியுருவில் இது இரண்டே மாறிலி. முதல் பதிப்புகளில் இரண்டும் இருப்பதில்லை.

குறிக்கோள் சார்பு

மொத்தத் தண்ணீரை உச்சமாக்கு என்று மட்டும் சொன்னால் கணினி 168 மணித்தியாலத்தையும் தலைப்புக்கே கொடுக்கும். வழியில் இழப்பு இல்லாத இடம் அதுதானே. இது கணினியின் குற்றம் அல்ல, நாம் கேட்டதைத்தான் அது செய்தது.

அடுத்துப் பலர் செய்வது, கூடியவருக்கும் குறைந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை இழிவாக்குவது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லோருக்கும் பூச்சியம் கொடுத்தாலும் வித்தியாசம் பூச்சியம்தான். கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்தால், தீர்வு நிரல் தண்ணீரைக் கழிவு வாய்க்காலில் விட்டு எல்லோரையும் சமமாகக் காயப் போடும்.

ஆகக் குறைவாகப் பெறுபவரின் அளவை உச்சமாக்குவதே நமக்கு ஏற்றது. ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு வயலின் வாய் உடைந்து தூர்ந்து கிடக்கிறது. என்ன செய்தாலும் அதற்கு 2 அங்குலத்துக்கு மேல் ஏறாது. மாதிரியுரு ஆகக் குறைந்த அளவு 2 என்று கண்டுபிடித்துத் திருப்தியடைகிறது. மற்ற வயல்கள் 2.9 பெறலாம், அவற்றுக்கு 2 கொடுத்தாலும் 4 கொடுத்தாலும் குறிக்கோள் சார்பின் பெறுமானம் மாறாது. எந்த விடை வெளிவரும் என்பது தீர்வு நிரலின் மனம்போல. ஒரு கிழமை ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கும், மறுகிழமை இன்னொருவருக்கு. கூட்டத்தில் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

மருந்து, படிப்படியாகத் தீர்ப்பது. முதலில் எல்லா வயலுக்கும் பொதுவான கீழ் எல்லை ஒன்றை வைத்து அதை உச்சமாக்குங்கள். விடை வந்ததும், அந்த எல்லையில் சிக்கி மேலே போக முடியாத வயல்கள் எவை என்று பாருங்கள். ஒவ்வொரு வயலின் அளவையும், மற்றவை எல்லைக்குக் கீழே போகாதபடி, தனித்தனியே உச்சமாக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை. நிழல் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சில வேளை ஏமாறுவோம். சிக்கிய வயல்களின் அளவைப் பூட்டிவிட்டு, மிச்ச வயல்களுக்கு மறுபடி அதே வேலை. எல்லாம் பூட்டப்படும்வரை தொடருங்கள். முப்பது வயலுள்ள வாய்க்காலுக்குச் சாதாரண மடிகணினியில் இது கண் இமைக்கும் நேரம். எக்செல் சொல்வரிலும் செய்யலாம். ஒவ்வொரு சுற்றையும் கையால் மாற்ற அலுப்பாக இருந்தால் பைதனில் இலவசமாகப் பயன்படுத்தக் கூடிய ஹைஸ் அல்லது கூகுளின் ஓஆர்-டூல்ஸ் போதும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இந்த அளவுக் கணக்கில் காரணமே இல்லை.

இந்தப் படிமுறையில் உடைந்த வாயுள்ள வயல் முதல் சுற்றிலேயே சிக்கித் தனியாகத் தெரியும். அதற்கு வேண்டியது அட்டவணைத் திருத்தம் அல்ல, ஒரு மூட்டைச் சீமெந்து. மாதிரியுரு தரும் மிகப் பெறுமதியான தகவல் சில வேளை இதுதான்.

நியாயச் சுட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜ் ஜெயினும் உடன் பணியாற்றியவர்களும் 1984இல் பலர் பகிரும் கணினி முறைமைகளுக்காகக் கொண்டுவந்த சுட்டி அறிக்கைகளில் அடிக்கடி வரும்; முழுச் சமம் என்றால் 1. நமது முதல் அட்டவணைக்கு, அதாவது கடைசி வயல் 30 வீதம் குறைவாகப் பெற்ற அட்டவணைக்கு, அதைக் கணித்துப் பாருங்கள்: 0.98. இந்த எண்ணை மேலிடத்துக்கு அனுப்பினால் பாராட்டுக் கடிதம் வரும். சுட்டியைப் போட வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் பக்கத்திலேயே ஆகக் குறைவாகப் பெற்ற வயலின் அளவையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது என்றால் சுட்டியை விடுங்கள்.

இரவு முறை

ஏழு நாள் சுற்றில் ஒரு பெரிய வசதி உண்டு: உங்கள் முறை எப்போதும் அதே கிழமை, அதே நேரம். அதே வசதிதான் அநியாயமும். செவ்வாய் இரவு பதினொன்றுக்கு முறை விழுந்தவருக்கு அந்தப் போகம் முழுவதும் செவ்வாய் இரவு பதினொன்றுதான். காட்டோர வயலில் யானைக்குப் பயந்து, பாம்புக்குப் பயந்து, வாய் கட்டியும் வெட்டியும் நிற்கும் அந்த ஒரு மணித்தியாலம் பகல் மணித்தியாலத்துக்குச் சமமல்ல. போருக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் இரவில் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு அட்டவணையில் எங்கும் தெரியாது.

இதற்கு இரவு மணித்தியாலத்துக்கு நிறை கொடுத்துக் குறிக்கோள் சார்பில் சேர்ப்பது ஒரு வழி. நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. இரவு ஒரு மணித்தியாலம் பகலில் ஒன்றேகாலா ஒன்றரையா என்று கூட்டத்தில் கேட்டால் விடியும்வரை விவாதம் நடக்கும், எண்ணும் வராது. கட்டமைப்பை மாற்றுவது எளிது. சுற்றை 168 மணித்தியாலத்துக்குப் பதில் 156 ஆக, அதாவது ஆறரை நாளாக வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய முறையும் 12 மணித்தியாலம் நகரும்; இந்தத் தரம் இரவு என்றால் அடுத்த தரம் பகல். புதிய மாறி எதுவும் வேண்டாம், நிறையும் வேண்டாம். தண்ணீரின் நாட்சராசரியும் மாறாது. வாராபந்தியிலும் 12 மணித்தியால நகர்த்தல் உண்டு. அங்கே அது ஆண்டுக்கொருதரம்.

பாதகம் ஒன்று இருக்கிறது. கிழமை நிலையாக இல்லாததால் ஆட்கள் நாளை மறப்பார்கள். அதனால் போகம் முழுவதற்குமான திகதியும் நேரமும் முன்கூட்டியே அச்சாகி ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். மழை பெய்து ஒரு நாள் மதகு பூட்டினால், வரிசை அப்படியே ஒரு நாள் பின்னே போகுமா, அல்லது அன்றைய முறைக்காரர் இழந்துவிடுவாரா என்பதும் முதற் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும். என் தெரிவு வரிசையைப் பின்னே தள்ளுவது. முறை இழந்தவரின் பயிர் குடலைப் பருவத்தில் இருந்தால் அந்த இழப்பை அடுத்த சுற்றால் ஈடு செய்ய முடியாது.

வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். யார் யாருக்குப் பின் என்பதைக் கணினியிடம் விடாதீர்கள். முப்பது பேரை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணத் தொடங்கினால் முடிவே இல்லை. தீர்வு நிரலும் திணறும். வாய்க்காலின் ஒழுங்கிலேயே தலைப்பிலிருந்து கடைசிவரை போகட்டும். வாய்க்காலை நிரப்பும் இழப்பும் குறையும், அடுத்தது யார் என்று கேட்கவும் தேவையில்லை.

போகத்துக்குப் போகம் கொண்டுபோகும் கணக்கு

ஒரு போகத்துக்குள் நியாயம் காண முடியாத இடங்கள் உண்டு. சிறுபோகப் பங்கு அப்படிப்பட்டது. இந்த வருடத்து நீர்மட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் விதைக்கலாம் என்று வைப்போம். நான்கு ஏக்கர்காரருக்கு 1.33 ஏக்கர். ஒரு ஏக்கர்காரருக்கு 0.33. உழவு இயந்திரம் வந்து திரும்பும் செலவுக்கே 0.33 காணாது. அதனால் கொடுத்தால் அரை ஏக்கருக்குக் குறையாமலும் அரை ஏக்கர் அரை ஏக்கராகவும் கொடுப்பது என்று ஒரு கட்டுப்பாடு போடுகிறோம், மாறிகள் முழுவெண்ணாகின்றன. முழுவெண்ணானதும் யாராவது ஒருவர் நட்டப்பட்டே ஆகவேண்டும்.

அந்த நட்டத்தை மறக்காமல் வைத்திருப்பதே திருத்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலுவை: சேர வேண்டியதில் கிடைத்ததைக் கழித்து, முந்திய போகத்து நிலுவையோடு கூட்டுங்கள். குறிக்கோள் சார்பு இந்தப் போகத்துக் குறையைப் பார்க்காமல், ஆகக் கூடிய நிலுவையைக் குறைக்கட்டும். நான்கு ஏக்கர்காரருக்கு முதல் சிறுபோகம் 1.5, அடுத்தது 1, அதற்கடுத்தது 1.5. மூன்றாம் போகத்தோடு சேர வேண்டிய 4 ஏக்கரும் சரியாகக் கிடைத்துவிடும். ஒரு ஏக்கர்காரர் இரண்டு போகம் அரை ஏக்கர் செய்து ஒரு போகம் ஓய்ந்திருப்பார். நீர்மட்டம் வருடத்துக்கு வருடம் மாறுவதால் உண்மையில் இவ்வளவு அழகாக முடியாது, ஆனால் நிலுவை ஏறத்தாழ அரை ஏக்கருக்குள்ளேயே நிற்கும். முதல் போகத்தில் யார் ஓய்வது என்பதற்குத் திருவுளச்சீட்டு போடலாம். அதன் பிறகு சீட்டுக்கு வேலை இல்லை, நிலுவை தீர்மானிக்கும்.

எந்த வயலில் விதைப்பது என்பது வேறு கேள்வி. சிங்களப் பகுதிகளில் பெத்ம என்று வழங்கும் பழைய முறையில், தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்குக் கிட்டிய வயற்பரப்பை மட்டும் எடுத்து, கடைசி வயல்காரருக்கும் அதிலேயே பங்கு பிரிப்பார்கள். தண்ணீர் தூரம் போகத் தேவையில்லை. முதலில் பார்த்த அந்த 30 வீதப் பிரச்சினையே எழாது. கணித மாதிரியுருவால் இதைவிடச் சிறந்த விடை காண்பது கடினம். மாதிரியுருவில் நிலத்தையும் உரிமையையும் தனித்தனி மாறிகளாக வையுங்கள். அப்போதுதான் ஒருவருடைய உரிமை இன்னொருவருடைய நிலத்தில் விளைய வழி இருக்கும்.

நிலுவை யாருடையது? சிறுபோகப் பங்கைக் குத்தகைக்குக் கொடுப்பது சாதாரணம். காணிக்காரர் வெளிநாட்டில், செய்பவர் இன்னொருவர். தண்ணீர், ஏக்கர் நிலுவைகள் காணியோடு போகட்டும், இரவில் நின்றதற்கும் கணக்கு வைத்தால் அது நின்றவரோடு போகட்டும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் அமைப்பு வேறு விதமாக முடிவெடுக்கலாம், ஆனால் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். பழைய நிலுவைக்கு ஓர் உச்ச எல்லையும் வையுங்கள். பத்து வருடத்துக்கு முந்திய குறையைக் காட்டி ஒருவர் இந்தப் போகத்துத் தண்ணீர் முழுவதையும் கேட்கும் நிலை வரக்கூடாது.

இதே நிலுவை முறை வைத்தியசாலையில் தாதியரின் இரவுக் கடமைப் பட்டியலுக்கும் பொருந்தும். இலங்கை போக்குவரத்துச் சபைக்கும் தனியார் பேருந்துகளுக்கும் பொதுவான நேர அட்டவணையில் யாருக்குக் காலை நேரம் என்ற சண்டைக்கும் பொருந்தும். வவுனியாவில் அந்தச் சண்டையைக் கண்டவர்கள் ஒவ்வொரு தரப்பும் பழைய கணக்கைத்தான் நீட்டுகிறது என்பதைக் கவனித்திருப்பார்கள்.

கடைசியாக அச்சடித்த தாள் பற்றி. ஒவ்வொரு வயலுக்கும் ஏக்கர், வயல் வாயில் ஓட்டம், மணித்தியாலம், சேரும் அங்குலம், நிலுவை என்று ஐந்து நிரல் இருந்தால் போதும். எவரும் தன் வரியைக் கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படிச் சரிபார்க்க முடியாத அட்டவணை எவ்வளவு உத்தமத் தீர்வாக இருந்தாலும் முதல் வரட்சியில் மதகுப் பூட்டு உடையும்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் வாய்க்காலில் தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலும் தேசிக்காய் போட்டு ஓட்டத்தை அளந்து, திகதியோடு கமக்காரர் அமைப்பின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அந்த மூன்று எண்கள் இல்லாமல் அடுத்த அத்தியாயத்தின் பயிற்சிகளைத் தொடங்க முடியாது.